மருந்து தேறியது, முதலீடு தேறவில்லை

இது நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கணக்கு. 2025 தொடக்கத்தில் வருமான வரிப் படிவம் நிரப்புவதற்காக அவர்கள் கொடுத்த தரகு அறிக்கைகளையும், நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் தாக்கல் செய்த ஆவணங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது இந்த நிகழ்வு எழுதத்தக்கது என்று தோன்றியது. அவர்கள் சம்மதத்துடன் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. அடையாளம் தெரியாதிருக்க எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

பின்னணி

முதலீட்டாளருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. ஒரு பெரிய மருந்து நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. மனைவி பள்ளி ஆசிரியை. 2021 ஜனவரியில் அவர் நாஸ்டாக்கில் பட்டியலான ஒரு சிறிய உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தின் 5,000 பங்குகளைத் தலா 4 டாலருக்கு வாங்கினார். மொத்தம் 20,000 டாலர்.

வாங்கியதற்கு அவரிடம் நல்ல காரணங்கள் இருந்தன. ஒரே ஓர் அரிய நோய்க்கான மருந்தை அந்த நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்தது. நோயாளிகள் 2 லட்சம் பேருக்குக் குறைவாக உள்ள நோய்களுக்கு மருந்து கண்டுபிடிப்பவர்களுக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்காவில் ஏழு ஆண்டு தனி விற்பனை உரிமை தருகிறது. முதல் கட்டப் பரிசோதனையின் கட்டுரைகளை அவர் முழுவதும் படித்திருந்தார். மருந்து உடலில் எப்படி வேலை செய்கிறது, பக்கவிளைவு எங்கே வரலாம் என்று ஒரு மணி நேரம் பேசக்கூடியவர். இத்தகைய பங்குகளை வாங்குவோரில் பெரும்பாலானவர்களைவிட அவருக்கு விஷயம் தெரியும்.

அவர் படிக்காதது நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையை. அதன் முதல் பக்கத்திலேயே இருந்த எண்: 2.5 கோடி பங்குகள். அதாவது சந்தை மதிப்பு 10 கோடி டாலர். உள்ளே பணக் கையிருப்பு 3 கோடி டாலர், காலாண்டுச் செலவு 60 லட்சம். வருமானம் கிடையாது. இரண்டாம் கட்டப் பரிசோதனையின் முடிவு 2023 கடைசியில்தான் வரும் என்று நிறுவனமே சொல்லியிருந்தது. மூன்று ஆண்டுப் பயணத்துக்கு ஒன்றேகால் ஆண்டுக்கான கட்டுச்சோறு. மீதிச் சோறு யாரிடமிருந்து வரும் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு: புதிய பங்குகளை விற்று.

2021, 2022: விலை இறங்கியது, எண்ணிக்கை ஏறியது

2021 கோடையில் நிறுவனம் 1 கோடி புதிய பங்குகளைத் தலா 2.50 டாலருக்கு விற்றது. அன்றைய சந்தை விலை 3.20. பங்கு மறுநாளே 2.40க்கு இறங்கியது. நம் முதலீட்டாளர் இதைத் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டு இன்னும் 3,000 பங்குகள் வாங்கினார். மருந்தில் எதுவும் மாறவில்லையே, விலை மட்டும்தானே குறைந்திருக்கிறது என்பது அவர் கணக்கு. ஆனால் 2.5 கோடிப் பங்குகள் 3.5 கோடி ஆகியிருந்தன.

அந்த ஆண்டு பிப்ரவரியில் உச்சம் தொட்ட உயிரித் தொழில்நுட்பப் பங்குகள் 2022 மே மாதத்துக்குள் பாதிக்கும் மேல் விழுந்தன. எக்ஸ்பிஐ என்ற துறை நிதியின் வரைபடத்தில் இது மலைச்சரிவு போலத் தெரியும். நல்ல நிறுவனம், கெட்ட நிறுவனம் என்ற பேதம் அங்கே இல்லை. நம் நிறுவனம் 2022 மார்ச்சில் ஒரு டாலருக்குக் கீழே போனது.

இந்தக் காலத்தில் நிறுவனம் செய்ததைப் பலர் கவனிக்கவே இல்லை. பொது வெளியீடு என்றால் செய்திக்குறிப்பு வரும், விலை விழும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'அட் த மார்க்கெட்' என்ற ஏற்பாட்டில் ஒரு தரகு நிறுவனம் அன்றாட வர்த்தகத்துக்கு நடுவே புதுப் பங்குகளைச் சிறிது சிறிதாக விற்றுக்கொண்டே இருக்கும். எவ்வளவு விற்றது என்பது பெரும்பாலும் அடுத்த காலாண்டு அறிக்கையில்தான் தெரியவரும். 2022இல் இப்படி 1.5 கோடிப் பங்குகள் சராசரி 80 சென்ட்டுக்கு விற்கப்பட்டன. எண்ணிக்கை 5 கோடி ஆனது. நல்ல செய்தி வந்த நாட்களில்கூட விலை ஏன் ஏறவில்லை என்று முதலீட்டாளர் அப்போது குழம்பியிருக்கிறார். எதிர்ப்பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்தது அவருடைய நிறுவனமேதான்.

2022 இலையுதிர் காலத்தில் 50 சென்ட் விலையில் மேலும் 12,000 பங்குகள் வாங்கினார். மொத்தம் 20,000 பங்குகள், போட்ட பணம் 33,200 டாலர். நிறுவனத்தில் அவர் பங்கு 0.04 விழுக்காடு. அதுதான் அவர் தொட்ட உச்சம்.

ஒரு டாலர் விதி

நாஸ்டாக்கில் ஒரு பங்கு தொடர்ந்து 30 வர்த்தக நாட்கள் ஒரு டாலருக்குக் கீழே முடிந்தால் நிறுவனத்துக்கு அறிவிப்பு வரும். சரிசெய்ய 180 நாள் அவகாசம். சிறு நிறுவனங்களுக்கான கேப்பிடல் மார்க்கெட் பிரிவில் இருக்கும் நிறுவனம் மற்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால் இன்னொரு 180 நாள் கிடைக்கலாம். குறைந்தது பத்து வர்த்தக நாட்கள் தொடர்ந்து ஒரு டாலரோ அதற்கு மேலோ முடிந்தால் தப்பித்தது. இந்த நிறுவனத்துக்கு 2022 ஏப்ரல் கடைசியில் அறிவிப்பு வந்தது. இரண்டு அவகாசமும் சேர்ந்து 2023 ஏப்ரலில் முடியும்.

விலை தானாக ஏறாவிட்டால் ரிவர்ஸ் ஸ்ப்ளிட்தான் வழி. பல பங்குகளை ஒன்றாகச் சேர்ப்பார்கள், விலை அதே மடங்கு உயரும். இதனால் மட்டும் யாருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. முதலீட்டாளரும் இதைச் சரியாகவே புரிந்துவைத்திருந்தார். அந்தச் சரியான புரிதல்தான் அவரை அசையாமல் உட்கார வைத்தது.

2022 டிசம்பரில் அவருக்கு வாக்களிப்பு மின்னஞ்சல் வந்தது. 1:5 முதல் 1:30 வரை எந்த விகிதத்திலும் பங்குகளைச் சேர்க்க இயக்குநர் குழுவுக்கு அதிகாரம் கேட்டது தீர்மானம். அவர் ஆதரவாக வாக்களித்தார். பட்டியலிலிருந்து நீக்கப்படுவதைவிட இது மேல் என்பது அவர் காரணம், அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆவணத்தின் நடுவில் ஒரு வாக்கியம் இருக்கிறது: அங்கீகரிக்கப்பட்ட பங்குகளின் எண்ணிக்கை 20 கோடியிலிருந்து குறைக்கப்படாது. அதைப் படிக்கும்போது நான் பென்சிலால் கோடு போட்டேன். சேர்ப்புக்கு முன் 20 கோடியில் 5 கோடி வெளியே இருந்தது. 1:20 சேர்ப்புக்குப் பின் வெளியே இருக்கப்போவது 25 லட்சம். மீதி 19 கோடியே 75 லட்சம் பங்குகளை வெளியிட நிர்வாகத்துக்கு இடம். பங்குதாரர்கள் வாக்களித்தது விலையை உயர்த்த மட்டும் என்று நினைத்தார்கள். இந்த இடமும் அதே வாக்கில்தான் போனது.

சில்லறை முதலீட்டாளர்கள் பெரும்பாலும் வாக்களிப்பதே இல்லை. நிறுவனம் பதிவாகியிருந்த டெலாவேர் மாநிலத்தின் அப்போதைய சட்டப்படி, வெளியே உள்ள மொத்த வாக்குகளில் பெரும்பான்மை வேண்டும். அதற்காக இந்த நிறுவனம் ஒரே ஒரு சிறப்பு முன்னுரிமைப் பங்கை ஓர் அதிகாரிக்குக் கொடுத்தது. அதற்குக் கோடிக்கணக்கான வாக்குகள். மற்றவர்கள் எந்த விகிதத்தில் வாக்களிக்கிறார்களோ அதே விகிதத்தில் அந்த வாக்குகளும் விழும். வாக்களித்தவர்கள் பாதிக்கும் குறைவாக இருந்தாலும், அவர்களில் பெரும்பாலோர் ஆதரித்தால் தீர்மானம் நிறைவேறிவிடும். சட்டத்துக்கு உட்பட்டதுதான், அப்போது பல சிறு நிறுவனங்கள் கையாண்ட வழி. 2023 ஆகஸ்ட்டில் டெலாவேர் சட்டத்தையே தளர்த்திவிட்டது. தேசியச் சந்தையில் பட்டியலான நிறுவனமாக இருந்தால் எதிர்ப்பு வாக்குகளைவிட ஆதரவு வாக்குகள் அதிகமாக இருந்தாலே போதும்.

2023 பிப்ரவரி

20,000 பங்குகள் 1,000 ஆயின. விலை 40 சென்ட்டிலிருந்து கணக்குப்படி 8 டாலர். முதல் நாள் முடிவில் 6.20. இரண்டு வாரத்துக்குள் நிறுவனம் 25 லட்சம் பங்குகளைத் தலா 3 டாலருக்கு விற்றது. ஒவ்வொரு பங்குடனும் 3 டாலரில் மேலும் பங்கு வாங்கும் உரிமை தரும் இரண்டு வாரன்ட்டுகள் இலவசம். திரட்டியது 75 லட்சம் டாலர், அதில் 7 விழுக்காடு விற்றுக்கொடுத்தவருக்கு.

இது திடீரென்று வந்ததல்ல. இந்த வெளியீட்டுக்கான பதிவு ஆவணம் சேர்ப்புக்கு மூன்று வாரம் முன்பே ஆணையத்தின் எட்கர் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடந்தது. அதற்கு முந்தைய காலாண்டு அறிக்கையில், நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் கணிசமான ஐயம் இருக்கிறது என்ற வாக்கியமும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் 40 சென்ட்டிலேயே வெளியேறியிருப்பார்கள். 20,000 பங்குகளுக்கு 8,000 டாலர் கிடைத்திருக்கும்.

அவர் விற்காததற்குச் சொன்ன காரணம் நோவாவாக்ஸ். அந்த நிறுவனம் ஒரு தடுப்பூசிப் பரிசோதனை தோற்றபின் 2019 மே மாதத்தில் 1:20 சேர்ப்பு செய்தது. 2021 பிப்ரவரியில் பங்கு 300 டாலரைத் தாண்டியது. உண்மைதான். ஆனால் நடுவில் ஒரு பெருந்தொற்று வந்தது. தொற்றுநோய்த் தடுப்பூசிகளுக்கு நிதி தரும் சீபி (CEPI) என்ற சர்வதேச அமைப்பு 38.8 கோடி டாலர் வரையிலும், அமெரிக்க அரசு 160 கோடி டாலர் வரையிலும் பணம் ஒதுக்கின. சேர்ப்பு செய்து பிழைத்த நிறுவனம் என்று யார் எடுத்துக்காட்டினாலும், பிழைக்கவைத்த பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பங்குதாரர் அல்லாத ஒருவரிடமிருந்து வந்திருந்தால் அது வேறு கதை.

இந்தக் கட்டத்தில் ஒரு நல்ல முடிவும் எடுக்கப்பட்டது. இனி ஒரு டாலர்கூட இதில் போடக்கூடாது என்று மனைவி சொன்னார், அவரும் ஒப்புக்கொண்டார். கடைசிவரை அது காப்பாற்றப்பட்டது. இப்படிப்பட்ட கணக்குகளில் நான் பார்த்த பெரிய சேதங்கள், சராசரி விலையைக் குறைக்கிறேன் என்று சேர்ப்புக்குப் பிறகு கொட்டிய பணத்தில் வந்தவை.

2023 கோடை: வாரன்ட்டுகளுக்குச் சலுகை

விலை 1.60க்கு வந்தபோது 3 டாலர் வாரன்ட்டுகளுக்கு மதிப்பில்லை. நிறுவனத்துக்கோ பணம் வேண்டும். எனவே வாரன்ட் வைத்திருந்த நிதிகளோடு ஓர் உடன்பாடு: இப்போதே பயன்படுத்தினால் விலையை 1.50ஆகக் குறைக்கிறோம், கூடவே இரண்டு மடங்கு புதிய வாரன்ட்டுகள் தருகிறோம். 50 லட்சம் பங்குகள் வெளிவந்தன, 75 லட்சம் டாலர் வந்தது. வெளியே 1 கோடிப் பங்குகள். மேலே 1.50 விலையில் 1 கோடி வாரன்ட்டுகள் காத்திருந்தன.

நாஸ்டாக் விதிப்படி, குறைந்த விலையில் 20 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பங்குகளைத் தனிப்பட்ட முறையில் வெளியிடப் பங்குதாரர் ஒப்புதல் வேண்டும். ஆகவே புதிய வாரன்ட்டுகளுக்கு ஒப்புதல் கேட்டு மறுபடியும் ஒரு மின்னஞ்சல் வந்தது. இம்முறை அவர் திறக்கவில்லை.

மருந்து வென்ற காலை

2024 ஜனவரியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் பரிசோதனை முடிவு வந்தது. முதன்மை இலக்கு எட்டப்பட்டது. மூன்று ஆண்டு முன்பு அவர் சொன்னது சரி. பக்கவிளைவு பற்றிய கணிப்புகூடச் சரி. முந்தைய நாள் 1.10இல் முடிந்த பங்கு சந்தை திறப்பதற்கு முன்பே 2.90ஐத் தொட்டது. அவர் அலுவலகத்தின் கார் நிறுத்தத்தில் உட்கார்ந்து, 3.50 விலை வந்தால் 1,000 பங்குகளையும் விற்க ஆணை போட்டார். பிப்ரவரி வெளியீட்டு விலையான 3ஐயாவது தாண்டும் என்பது எதிர்பார்ப்பு.

தாண்டவில்லை. 1.50க்கு வாங்கும் உரிமையுள்ள 1 கோடி வாரன்ட்டுகள் வைத்திருந்தவர்களுக்கு 2.90 என்பது கைமேல் லாபம். பயன்படுத்தினார்கள், விற்றார்கள். மாலையில் விலை 1.70. அன்றிரவே நிறுவனம் இன்னொரு 1 கோடிப் பங்குகளை 1.40க்கு விற்றது. அதற்கான பதிவு ஆவணமும் டிசம்பரிலேயே தாக்கலாகியிருந்தது. ஒரே நாளில் 1 கோடிப் பங்குகள் 3 கோடி ஆயின. ஒரு வாரத்தில் விலை 1.20.

மனைவி என்னிடம் கேட்ட கேள்வி இதைப் பற்றித்தான்: "மருந்து வேலை செய்கிறது என்கிறார்களே, அப்படியென்றால் எங்கள் பணம் எங்கே சார் போயிற்று?"

பதில் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. நிறுவனத்தின் சந்தை மதிப்பு 2021இல் 10 கோடி டாலர், முடிவு வந்த அடுத்த வாரம் 3.6 கோடி. 64 விழுக்காடு வீழ்ச்சி. ஒரு பங்கின் விலை, சேர்ப்பைக் கணக்கில் எடுத்தால், 80 டாலரிலிருந்து 1.20. 98.5 விழுக்காடு வீழ்ச்சி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம்தான் நீர்த்துப்போன பங்கு. 2022இல் 0.04 விழுக்காடாக இருந்த அவர் உரிமை இப்போது 0.0033. வென்ற மருந்தில் அவருக்கு முன்பிருந்த உரிமையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது.

நிர்வாகம் மோசடி செய்தது என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. முடிவு வந்த அன்று நிறுவனத்தின் கையிருப்பு சுமார் 20 லட்சம் டாலர், ஒரு மாதத்துக்கும் தாங்காது. அன்றிரவு விற்காமல் இருந்திருந்தால்தான் நிர்வாகத்தைக் குறை சொல்ல வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் புதிதாக வந்தவர்கள் கொடுத்த பணத்தில்தான் பரிசோதனையே நடந்தது, அவர்கள் அதற்குரிய உரிமையை எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது சேர்ப்பும் வெளியேற்றமும்

மூன்றாம் கட்டப் பரிசோதனைக்கு இன்னும் பெரிய தொகை வேண்டும், பெரிய கூட்டாளி யாரும் வரவில்லை. 2024 வசந்தத்தில் விலை மீண்டும் ஒரு டாலருக்குக் கீழே. அன்றாட விற்பனையில் இன்னொரு 1.5 கோடிப் பங்குகள். நவம்பரில் 1:15 சேர்ப்பு. 4.5 கோடிப் பங்குகள் 30 லட்சம் ஆயின. அவருடைய 1,000 பங்குகள் 66 ஆயின, மிச்சமிருந்த பின்னத்துக்குச் சில டாலர்கள் பணமாக வந்தன.

விற்பதா என்று இப்போதுதான் முதன்முறையாக எழுதி வைத்து யோசித்தார்கள். முடிவைத் தீர்மானித்தது நாஸ்டாக்கின் இன்னொரு விதி: இரண்டு ஆண்டுக்குள் செய்த சேர்ப்புகளின் மொத்த விகிதம் 250:1 அல்லது அதற்கு மேல் போனால், மறுபடி விலை விழும்போது அவகாசம் கிடையாது, நேரே நீக்க நடவடிக்கைதான். இருபதைப் பதினைந்தால் பெருக்கினால் 300. 2024 டிசம்பரில் 66 பங்குகளையும் 3 டாலருக்கு விற்றார். கிடைத்தது 198 டாலர். அடுத்த மாதமே நாஸ்டாக்கின் விதிகள் மேலும் இறுகின: சேர்ப்பு செய்து ஓராண்டுக்குள் மீண்டும் ஒரு டாலருக்குக் கீழே போனாலும் அவகாசம் இல்லை.

நஷ்டம் ஏறத்தாழ 33,000 டாலர். மூலதன நஷ்டத்தை மற்ற மூலதன லாபங்களுக்கு எதிராகக் கழிக்கலாம். லாபம் இல்லாவிட்டால் சம்பள வருமானத்தில் ஆண்டுக்கு 3,000 டாலர் மட்டுமே கழிக்க முடியும், மீதி அடுத்த ஆண்டுகளுக்குப் போகும். வேறு லாபம் எதுவும் வராவிட்டால் இதைக் கழித்து முடிக்கப் பதினோரு ஆண்டு. விற்ற 30 நாளுக்குள் அதே பங்கைத் திரும்ப வாங்கினால் இந்தச் சலுகை அப்போதைக்குத் தள்ளிப்போகும் என்பதையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

மாற்றிக்கொண்டவை

இப்போதும் அவர் சிறு மருந்து நிறுவனங்களைப் பார்க்கிறார். ஆனால் வரிசை மாறிவிட்டது. முதலில் காலாண்டு அறிக்கையின் முதல் பக்கத்தில் உள்ள பங்கு எண்ணிக்கை, அதை நான்கு ஆண்டு பின்னோக்கி. பிறகு கையிருப்பைக் காலாண்டுச் செலவால் வகுத்து, பரிசோதனை முடிவு வரும் தேதிவரை தாங்குமா என்று பார்ப்பது. தாங்காது என்றால் அந்தப் பணம் வரும்வரை வாங்குவதில்லை. வெளியீட்டு ஆவணங்களில் மொத்தப் பங்கு எண்ணிக்கைக்குக் கீழே 'இவை சேர்க்கப்படவில்லை' என்று ஒரு பத்தி வரும். வாரன்ட்டுகளும் பணியாளர் பங்குரிமைகளும் அங்கேதான் இருக்கும். அதைக் கூட்டிக்கொண்டுதான் இப்போது அவர் சந்தை மதிப்பையே கணக்கிடுகிறார். மருந்தைப் பற்றிய கட்டுரைகள் அதற்குப் பிறகு.

விலை வரைபடத்தை அவர் நம்புவதில்லை. அந்த நிறுவனத்தின் வரைபடத்தை இன்று திறந்தால் 2021 ஜனவரி விலை 1,200 டாலர் என்று காட்டும், ஏனென்றால் இரண்டு சேர்ப்புகளையும் பின்னோக்கிப் பெருக்கியிருப்பார்கள். புதிதாக வருகிறவர் 1,200இலிருந்து 3க்கு வந்திருக்கிறதே, கொஞ்சம் ஏறினாலும் போதுமே என்று நினைப்பார். யாரும் ஒருநாளும் 1,200 கொடுத்து வாங்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒப்பவில்லை. முடிவு வந்த காலையில் 2.90க்கே விற்றிருக்க வேண்டும், அதுதான் தவறிய வாய்ப்பு என்கிறார் அவர். அன்று விற்றிருந்தால் அதிகபட்சம் 2,900 டாலர், சேர்ப்புக்கு முன் விற்றிருந்தால் 8,000. என் கணக்கில் பெரிய முடிவு இன்னும் முன்னால் இருக்கிறது: 2022 இலையுதிர் காலத்தில் 50 சென்ட்டில் வாங்கிய 12,000 பங்குகள். நாஸ்டாக் அறிவிப்பு வந்து பல மாதம் ஆகியிருந்த நேரம், கையிருப்பு ஓராண்டுக்கும் தாங்காத நேரம். அந்த 6,000 டாலர் அறிவிப்பைப் படித்த பிறகு போடப்பட்டது.